ஒன்பது புள்ளியில் மூன்று அணிகள்

வடக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ சென்னை சென்ட்ரலுக்கு வரும் ரயிலில் ஒருமுறையேனும் பயணம் செய்தவர்க்குப் பேசின் பிரிட்ஜைப் பற்றி நாம் தனியே எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேல்தட்டிலிருந்து பெட்டிகளை இறக்கி, செருப்பை மாட்டி, உறங்கும் குழந்தையை எழுப்பித் தோளில் போட்டுக்கொண்டு வாசலருகே நின்ற பிறகு, வண்டி நின்றுவிடும் இடம் அது. கும்மிடிப்பூண்டித் தடத்தில் வந்த வண்டியும் அரக்கோணத் தடத்தில் வந்த வண்டியும் ஒரே வேளையில் அங்கே வந்து சேர்ந்திருக்கும். நடைமேடையோ ஒன்றுதான் காலியாகியிருக்கும். எவ்வண்டியை முதலில் உள்ளே விடுவது என்பதை எங்கோ ஓர் அறையில் அமர்ந்திருப்பவர் ஒரு விதிப்படி முடிவு செய்கிறார். விதியைப் பயணிகளுக்கு எவரும் சொல்வதில்லை. ஆகவேதான் பக்கத்துத் தண்டவாளத்து வண்டி முதலில் நகரும்போது நமக்கு அத்தனை எரிச்சல் மூளுகிறது.

இச்சந்திப்பை ஒட்டிக் கிடக்கும் வியாசர்பாடி, புளியந்தோப்புப் பகுதிகளுக்குக் 'குட்டி பிரேசில்' என்று நாளிதழ்கள் பெயர் சூட்டி நெடுநாளாயிற்று. பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் 1996இல் மூடப்பட்டுச் சங்கொலி அடங்கிய பின்னும் மாலை வேளையில் பந்து உருள்வது அடங்கவில்லை. பா. இரஞ்சித்தின் 'மெட்ராஸ்' (2014) திரைப்படத்தில் இளைஞர்கள் கால்பந்து ஆடுவது கதைக்கு ஒட்டவைத்த அலங்காரமன்று, அவ்வூரின் அன்றாடம். தெற்கு ரயில்வே, துறைமுகம், ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி முதலிய நிறுவனங்கள் கால்பந்து அணிகளை வைத்திருந்த நகரம் இது. எனவே வடசென்னைத் தாய்மார்க்குப் பந்து என்பது பிள்ளையின் பொழுதுபோக்கு மட்டுமன்று. அரைக்காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம் என்ற பழைய கனவுக்குக் கிடைத்த இன்னொரு வாசல். அந்த வாசலில் கேட்கப்படுவது சான்றிதழ். சான்றிதழில் 'முதலிடம்' என்று எழுதியிருப்பதற்கும் 'இரண்டாமிடம்' என்று எழுதியிருப்பதற்கும் உள்ள தொலைவை, மதிப்பெண் பட்டியலோடு வாழ்பவர்களாகிய நாம் அறியாதவர்கள் அல்லர்.

இவ்வளவும் முன்னுரை. சொல்ல வந்தது ஒரு கணக்கு வழக்கைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு கல்லூரியில் துறைகளுக்கிடையே கால்பந்து லீக் ஒன்று நடந்தது. ஐந்து துறைகள், ஒவ்வோர் அணியும் மற்ற நான்கோடும் ஒருமுறை ஆட வேண்டும், வெற்றிக்கு மூன்று புள்ளி. தமிழ்த்துறை வணிகவியலை 1–0 என வென்றது. வணிகவியல் கணிதத்தை 2–1 என வென்றது. கணிதமோ தமிழை 1–0 என வென்றது. இம்மூன்றும் வரலாற்றையும் வேதியியலையும் வென்றுவிட்டன. ஆக மூன்று அணிகளுக்கும் மும்மூன்று வெற்றி, ஒவ்வொரு தோல்வி, ஒன்பது ஒன்பது புள்ளி. முதலிடம் யாருக்கு?

விதித்தாளை எடுத்துப் பார்த்தோம். 'குழுவின் முடிவே இறுதியானது' என்ற ஒரே வரி இருந்தது. குழு என்றால் உடற்கல்வி இயக்குநர், கணிதத்தில் ஒருவர், வணிகவியலில் ஒருவர், தமிழில் நாம். நால்வரும் முழுமை பெற்ற புள்ளிப் பட்டியலை நடுவில் விரித்து வைத்துக்கொண்டு, எந்த விதி நியாயமானது என்று விவாதிக்கத் தொடங்கினோம்! இதிலுள்ள அபத்தம் அன்றைக்கு நம்மில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பட்டியலின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறோம். வரலாற்றுக்கு எதிராகத் தமிழ் 2–0, வணிகவியல் 3–1, கணிதம் 9–0. வேதியியலுக்கு எதிராகத் தமிழ் 2–0, வணிகவியல் 3–2, கணிதம் 2–1. அந்த ஒன்பது கோலுக்குப் பின்னால் ஒரு செய்தி உண்டு. கணிதத்தோடு மோதிய அன்று வரலாற்று மாணவர்களில் பலர் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போயிருந்தனர். ஏழு பேர்தான் களத்தில் இறங்கினர். ஏழு பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்பது கால்பந்தின் சட்டம். ஆகவே ஆட்டம் நடந்தது.

கணிதப் பேராசிரியர் கோல் வித்தியாசம் பார்க்க வேண்டும் என்றார். அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழித்தால் கணிதம் +10, தமிழ் +4, வணிகவியல் +3. வணிகவியல் பேராசிரியர், சமமான மூவரும் தமக்குள் ஆடிய ஆட்டங்களை மட்டுமே கொள்ள வேண்டும் என்றார். அவ்வகையில் மூவர்க்கும் புள்ளியும் சமம், வித்தியாசமும் சுழியம். ஆனால் அவ்வாட்டங்களில் வணிகவியலும் கணிதமும் இரண்டிரண்டு கோல் அடித்திருக்க, தமிழ் ஒன்றே அடித்தது. தமிழை நீக்கினால் எஞ்சும் இருவரில் வணிகவியல் கணிதத்தை வென்றிருக்கிறது. எனவே வணிகவியலே முதலிடம். நாம் சும்மா இருப்போமா? கோல் சராசரி என்ற பழைய முறையை எடுத்து வைத்தோம். அடித்ததை வாங்கியதால் வகுக்க வேண்டும். தமிழ் ஐந்தடித்து ஒன்று வாங்கியது: 5.00. கணிதம் பதின்மூன்றடித்து மூன்று வாங்கியது: 4.33. வணிகவியல் எட்டடித்து ஐந்து வாங்கியது: 1.60. ஆகத் தமிழே முதலிடம். மூன்று விதி, மூன்று முதலிடம்.

ஓர் உண்மையை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். கோல் சராசரியின் மீது நமக்கு அதற்குமுன் எவ்விதப் பற்றும் இருந்ததில்லை. முந்தைய நாள் இரவு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்து, எந்த விதி நம் பிள்ளைகளை மேலேற்றுகிறது என்று கண்டறிந்த பின்னரே அதன் வரலாற்றைத் தேடிப் படித்தோம். படித்த வரலாறு நல்ல வரலாறுதான். நம் வாதத்துக்கும் மிக வாய்ப்பாக அமைந்தது.

1923–24ஆம் பருவத்து இங்கிலாந்து லீக் அது. கடைசி நாளான 1924 மே 3 அன்று கார்டிஃப் சிட்டி அணி ஒரு புள்ளி முன்னிலையில் இருந்தது. பர்மிங்காமில் நடந்த அதன் ஆட்டம் 0–0 என முடிந்தது. அவ்வாட்டத்தில் கிடைத்த பெனால்டி ஒன்றைக் கார்டிஃப் வீணடித்தது. அதே நாளில் ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன், நாட்டிங்காம் ஃபாரஸ்டை 3–0 என வென்றது. இரு அணிகளும் 57 புள்ளி. ஹடர்ஸ்ஃபீல்ட் அடித்தது 60, வாங்கியது 33. கார்டிஃப் அடித்தது 61, வாங்கியது 34. இரண்டுக்கும் வித்தியாசம் 27தான். ஆனால் வகுத்தால் முன்னது 1.818, பின்னது 1.794. தசமப் புள்ளிக்குப் பின்னால் இருந்த அந்த 0.024 பட்டத்தை ஹடர்ஸ்ஃபீல்டுக்குக் கொடுத்தது. மூன்றுக்குப் பதில் இரண்டு கோல் அடித்திருந்தால் கார்டிஃப் வென்றிருக்கும். இன்றைய முறைப்படி வித்தியாசம் சமமானபின் அடித்த கோல்களை எண்ணினாலும் கார்டிஃபே வென்றிருக்கும். அவ்வணி அதன்பின் இன்றுவரை அப்பட்டத்தைத் தொட்டதில்லை.

வகுத்தலுக்கும் கழித்தலுக்கும் இடையே அப்படியென்ன பேதம்? வகுத்தலில் கீழே இருக்கும் எண் சிறியதாக இருக்க வேண்டும். ஆகவே கோல் வாங்காதிருப்பதே பேரறம் ஆகிவிடுகிறது. ஒன்றடித்து ஒன்றும் வாங்காதவன், பத்தடித்து ஒன்று வாங்கியவனைக் காட்டிலும் மேலானவன். (ஒன்றுமே வாங்காத அணிக்குச் சுழியத்தால் வகுக்க நேரும், அவ்விடத்தில் கணிதப் பேராசிரியர் நம்மை இரக்கத்தோடு பார்த்தார்.) ஆட்டம் தற்காப்பில் உறைந்து போகிறது என்ற குறை எழுந்தது. 1970 உலகக் கோப்பையில் கோல் வித்தியாசம் வந்தது. இங்கிலாந்து லீக்கும் அப்பத்தாண்டின் நடுவில் அதற்கு மாறிக்கொண்டது. விதியை மாற்றியவர்கள் அதனால் ஆட்டத்தையும் மாற்ற விரும்பினார்கள் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. சமநிலையைத் தீர்க்கும் விதி பருவத்தின் கடைசியில் வந்து எட்டிப் பார்ப்பது போலத் தோன்றினாலும், முதல் நாளிலிருந்தே ஆட்டக்காரனின் காலை அது இழுத்துக்கொண்டிருக்கிறது.

கோல் வித்தியாசமும் காலை இழுக்காமல் இல்லை. 1978இல் அர்ஜென்டினா இறுதியாட்டத்துக்குப் போக வேண்டுமானால் பெருவை நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டியிருந்தது. பிரேசிலின் ஆட்டம் அன்று முன்னதாகவே முடிந்துவிட்டதால், எத்தனை தேவை என்பதை அறிந்தே அர்ஜென்டினா களமிறங்கியது. ஆறு அடித்தது. அதைப் பற்றிய ஐயங்கள் அன்றுமுதல் பேசப்பட்டு வருகின்றன. 1982இல் ஹிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதியபோது அல்ஜீரியா தன் ஆட்டங்களை முந்தைய நாளே முடித்துவிட்டிருந்தது. ஜெர்மனி ஒரு கோலில் வென்றால் இருவருமே மேலேறலாம் என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் அந்த ஒரு கோல் விழுந்தது. அதன்பின் இரு அணிகளும் பந்தைத் தமக்குள் தட்டிக்கொண்டு பொழுதைப் போக்கின. மூன்று அணிகளும் சம புள்ளியில் நிற்க, ஜெர்மனியையே வென்றிருந்த அல்ஜீரியா கோல் வித்தியாசத்தில் வெளியேறியது. ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்கள் இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் அடுத்த உலகக் கோப்பையான 1986இலிருந்து வந்தது.

அயல்நாட்டுக் கதைகள் எதற்கு? நம் நாட்டிலேயே, கோவாவில், 2004இல் இரண்டாம் பிரிவு லீக்கின் கடைசி நாளில் இரு மன்றங்கள் மேற்பிரிவுக்கு ஏறும் போட்டியில் கோல் வித்தியாசத்தைக் குறிவைத்தன. ஓர் ஆட்டம் 55–1 என்று முடிந்தது. மற்றொன்று 61–1. தொண்ணூறு நிமிடத்தில் அறுபத்தொரு கோல்! பந்தை நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து வைக்கும் நேரத்தையும் கணக்கில் எடுத்தால் எதிரணி என்ன செய்துகொண்டிருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. நான்கு மன்றங்களையும் கோவா கால்பந்துச் சங்கம் ஓராண்டுக்கு விலக்கி வைத்தது. விலக்கியது சரியே. ஆயினும் எவ்வளவு வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம், அத்தனையும் கணக்கில் சேரும் என்ற விதி அங்கே இருந்திராவிடில் அந்த அறுபத்தொன்றுக்குத் தேவையே எழுந்திராது.

கிரிக்கெட் அன்பர்கள் 2024 மே 18ஐ நினைவுகூர்க. அந்த இரவில் சென்னை சூப்பர் கிங்ஸ் வெற்றிபெற 219 வேண்டும். ஆனால் 201 எடுத்துத் தோற்றாலே அடுத்த சுற்றுக்குப் போய்விடலாம். 191இல் நின்றது. பெங்களூரும் சென்னையும் டெல்லியும் லக்னோவும் 14 புள்ளியில் நிற்க, நிகர ஓட்ட விகிதம் பெங்களூரை ஏற்றிவிட்டது. தோற்றுக்கொண்டே வெல்ல முயலும் ஓர் அணியைப் பார்த்து நகரமே நகத்தைக் கடித்தது விந்தையான காட்சிதான். இருந்தாலும் 201 என்ற எண் முன்கூட்டியே எல்லார்க்கும் தெரிந்திருந்தது. அதனால் துக்கம் இருந்தது. வஞ்சிக்கப்பட்டோம் என்ற எண்ணம் இல்லை.

இனி வணிகவியலின் கட்சி. சமமான இருவரில் யார் யாரை வென்றார் என்று பார்ப்பதைக் காட்டிலும் இயல்பான நியாயம் உண்டா? தெருவில் பிள்ளைகளைக் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். 2020–21 ஐ-லீக்கில் கோகுலம் கேரளாவும் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸும் 29 புள்ளியில் சமமாக முடிந்தபோது, தமக்குள் ஆடிய ஆட்டங்களின் கணக்கே கோகுலத்துக்குப் பட்டத்தைத் தந்தது. கேரளத்து மன்றம் ஒன்று அப்பட்டத்தை வென்றது அதுவே முதன்முறை. ஐரோப்பியக் கோப்பையில் 1996 முதல் இதுவே முதல் விதி. உலகக் கோப்பையும் 2026க்கான விதிகளில் இதை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஏழு பேரோடு வந்த நோஞ்சான் அணியை எவன் எத்தனை அடித்தான் என்பது இதில் நுழையாது.

இருவர் சமமானால் இது பொன்னான விதி. மூவரானால் சிக்கல் தொடங்கிவிடுகிறது. அ, ஆவை வெல்ல, ஆ, இயை வெல்ல, இ திரும்பி வந்து அவை வெல்லுமானால் நேருக்கு நேர் என்பது நாய் தன் வாலைத் துரத்துவதாக முடியும். 1785இலேயே பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே வாக்களிப்பில் இத்தகைய சுழல் உண்டாகும் என்று காட்டியிருக்கிறார். அப்போது உள்ளாட்டங்களின் கோல்களுக்குள் இறங்க வேண்டும்; அங்கும் பள்ளம் இருக்கிறது. 2004 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலி, டென்மார்க்கோடு 0–0, ஸ்வீடனோடு 1–1. டென்மார்க்கும் ஸ்வீடனும் தமக்குள் 2–2 என முடித்தால், பல்கேரியாவை இத்தாலி எத்தனை கோலில் வென்றாலும் வெளியேற வேண்டியதுதான். ஆட்டம் 89ஆவது நிமிடக் கோலால் 2–2 என்றே முடிந்தது. கூடிச் செய்தார்கள் என்பதற்குச் சான்றில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை இருவர்க்கும் வாழ்வு, மூன்றாமவர்க்குச் சாவு என்ற நிலையை அந்த விதிதான் உண்டாக்கியிருந்தது.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகள் வட்டாரக் குழுமங்களாகக் கூடி, அவர்கள் 'ஃபுட்பால்' என்றழைக்கும் முட்டைப்பந்தை ஆடுகின்றன. 1988இல் டெக்சஸ் மாநிலத்தில் பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஆகிய மூன்று பள்ளிகள் சமமாக நின்றன. இரண்டுக்கே மேலேற வழி. நள்ளிரவு தாண்டிய வேளையில் நெடுஞ்சாலையோர லாரி நிறுத்தம் ஒன்றில் மூன்று பயிற்றுநர்களும் நாணயம் சுண்டினார்கள். தொலைக்காட்சி அதை நேரலையாகக் காட்டியது. மிட்லண்ட் பள்ளி வெளியேறியது. எச். ஜி. பிஸிங்கரின் 'ஃப்ரைடே நைட் லைட்ஸ்' (1990) நூலில் இக்காட்சியைப் படிக்கும் எவர்க்கும், ஓராண்டு வியர்வையை ஒரு நாணயத்தின் மேல் வைக்கலாமா என்ற கேள்வி எழாமலிராது. நமக்கும் எழுந்தது. பிறகு மெல்ல மாறினோம். அதற்குப் பின்னர் வருகிறோம்.

சென்னை சதுரங்க நகரமும் அல்லவா? சதுரங்கக்காரர்கள் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள்: நீ எத்தனை பேரை வென்றாய் என்பதோடு, எத்தகையோரை வென்றாய் என்றும் கேட்பது. தோற்கடித்தவர்களின் புள்ளிகளை முழுதாகவும், சமன் செய்தவர்களின் புள்ளிகளைப் பாதியாகவும் கூட்டுவது சோனபோர்ன்–பெர்கர் முறை. எதிராடிய அனைவரின் புள்ளிகளையும் கூட்டுவது புக்ஹோல்ஸ். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளின் வாசலில் காத்துநிற்கும் பெற்றோர் பலர்க்கு இப்பெயர்கள் வீட்டு மளிகைப் பட்டியல் போல மனப்பாடம். இவ்வகை நூலிழைகள் எங்கெங்கோ கொண்டு சேர்க்கின்றன. 2013இல் லண்டனில் கார்ல்சனும் கிராம்னிக்கும் 8½ புள்ளியில் சமமாகி, ஒருவரையொருவர் வெல்லாத நிலையில், கூடுதலாக ஓர் ஆட்டம் வென்றிருந்தார் என்ற காரணத்தால் கார்ல்சன் தேர்வானார். அவ்வாண்டு நவம்பரில் நம் சென்னையிலேயே ஆனந்தை வென்று பட்டத்தைக் கொண்டுபோனார். 2023 டிசம்பரில் இதே நகரில் குகேஷும் அர்ஜுன் எரிகைசியும் 4½ புள்ளியில் சமமாக, சமநிலை விதி குகேஷை முன்னிறுத்தியது. அந்த வெற்றி உதவ, குகேஷ் கேண்டிடேட்ஸ் போட்டிக்குள் நுழைந்தார்; மறு டிசம்பரில் உலக வாகையர். அர்ஜுனுக்கு அவ்வாண்டு அவ்வாசல் மூடிக்கொண்டது. நமது லீக்கில் இம்முறையையும் போட்டுப் பார்த்தோம். மூவரும் ஒன்பது புள்ளிக்காரர் ஒருவரையும் கடைசி இருவரையும் வென்றிருப்பதால் அங்கும் சமமே!

எனில் சீட்டு. இலக்கிய மாணவர்க்கு இது புதிதன்று. அகநானூற்றின் 77ஆம் பாடலில், போர்க்களத்துப் பிணங்களின் குடரைக் கழுகு இழுக்கும் காட்சிக்கு, கயிற்றால் கட்டிய குடத்தின் முத்திரையை நீக்கி உள்ளிருக்கும் ஓலைகளை எடுக்கும் அலுவலர்கள் உவமையாகிறார்கள். கொடிய காட்சிக்கு எத்தனை சாதுவான உவமை என்று வகுப்பில் ஒவ்வோராண்டும் வியப்போம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் முறையை விரித்துரைக்கின்றன. முப்பது குடும்புகள், தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்படும், சபையார் கூடியிருக்க, உள்ளிருப்பதை அறியாத ஒரு சிறுவன் எடுத்துத் தருவான். மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் அதை வாங்கி, உரக்கப் படிக்க வேண்டும். விரல் ஏன் விரிந்திருக்க வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது. இதைத் தேர்தல் என்று மேடைகளில் முழங்குவது வழக்கம். நமக்கு அதில் உடன்பாடில்லை. நிலமும் வீடும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்குள் நடந்த குலுக்கல் அது. அக்குடத்தில் ஓலை இடம்பெறாதவர்களே ஊரில் மிகுதி. ஆயினும் தகுதியைக் கறாராக முதலில் அளந்துவிட்டு, அளவை ஓய்ந்த இடத்தில் மட்டும் சீட்டைக் கொண்டுவந்தார்களே, அது பெரிய அறிவு.

1954இல் ரோம் நகரில் ஸ்பெயினும் துருக்கியும் உலகக் கோப்பைத் தகுதிக்காக மூன்றாம் முறை மோதி 2–2 என நின்றபோது, கண்ணைக் கட்டிய ஒரு சிறுவன்தான் சீட்டெடுத்தான். துருக்கி சென்றது. முதலிரு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டியிருந்தால் 4–1, 0–1 என்ற கணக்கில் ஸ்பெயின் சென்றிருக்கும். ஆனால் கூட்டுவதில்லை என்பது அன்றைய விதி. 1968 ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் இத்தாலி சோவியத் அணியை நாணயத்தால் கடந்து, கோப்பையையும் வென்றது. இரண்டாண்டில் பெனால்டி முறை சட்டமாயிற்று. நம் நாட்டுத் தேர்தல் சட்டமோ இன்றளவும் சீட்டையே நம்புகிறது: 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வாக்குகள் சமமானால் சீட்டு யாருக்கு விழுகிறதோ அவர் ஒரு வாக்குக் கூடுதலாகப் பெற்றதாகக் கொள்ளப்படுவார்.

சீட்டின் மேல் நமக்கிருந்த இளக்காரம் குறைந்தது இதனால்தான். சீட்டு யாரையும் தாழ்த்துவதில்லை. இருவரும் சமமென்று ஒப்புக்கொண்ட பின்னரே அது வருகிறது. 0.024ஐயோ மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கையையோ காட்டி ஒருவன் மேலானவன் என்று சொல்லும்போது, இல்லாத பேதத்தை இருப்பதாகச் சாதிக்கிறோம். 2018இல் செனகல் ஆறு மஞ்சள் அட்டை வாங்கியதாலும் ஜப்பான் நான்கே வாங்கியதாலும் செனகல் ஊர் திரும்பிற்று. தன் அட்டைக் கணக்கு கெட்டுவிடக் கூடாதென்று ஜப்பான், தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் பந்தைத் தனக்குள்ளேயே உருட்டிக்கொண்டிருந்தது. நன்னடத்தைக்கான விதி விளைத்த நடத்தை அது!

மேலே போக ஒரே இடம் என்ற நெருக்கடி இல்லாவிட்டால் சீட்டுகூட வேண்டாம். 1960 துரந்த் கோப்பையிலும் 1978 ஃபெடரேஷன் கோப்பையிலும் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கூட்டு வெற்றியாளர்கள். அதனால் கல்கத்தாவில் வானம் இடிந்து விழவில்லை.

நமது குழு அன்று இதில் எதையும் யோசிக்கவில்லை. கார்டிஃப் கதையை நாம் உருக்கமாகச் சொல்லி முடித்ததும், உடற்கல்வி இயக்குநர், "உலகக் கோப்பையில கோல் வித்தியாசம்தானே ஐயா பாக்குறாங்க" என்றார். பேச்சு முடிந்தது. கணிதத்துக்கு முதலிடம். மறுநாள் வணிகவியல் அணியின் தலைவன் துறைக்கு வந்து வாசலில் நின்றான். அவன் கோபப்படவில்லை. அவன் வீடு பேசின் பிரிட்ஜ் ரயில் பாதைக்கு அப்பால். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர வேண்டும் என்பது அவன் அப்பாவின் ஆசை என்று பின்னர் அறிந்தோம்.

"ஐயா, ஹிஸ்டரி மேட்ச்ல மூணு கோல் போட்டதும், வெளிய உக்காந்திருந்த பசங்களும் ஆடட்டும்னு அவங்கள எறக்கிவுட்டோம். அதுலதான் ஒண்ணு வாங்குனோம். கோலு கணக்கு வரும்னு முன்னாடியே சொல்லியிருந்தா எறக்கியிருக்க மாட்டோமே ஐயா?"

நம்மிடம் பதில் இல்லை. கணிதம் முதலிடம் பெற்றது தவறென்று அவன் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சராசரியோ வித்தியாசமோ நேருக்கு நேரோ, எதை வைத்திருந்தாலும் அவன் அதற்கேற்ப ஆடியிருப்பான். பெஞ்சில் காத்திருந்த நண்பர்களுக்கு இருபது நிமிடம் கொடுத்தது அவனுடைய நல்ல குணம். ஆட்டம் முடிந்த பிறகு விதியெழுதிய நாங்கள் நால்வரும் அந்தக் குணத்துக்குத் தண்டனை விதித்திருந்தோம். வகுப்பில் முறைமை பற்றி மணிக்கணக்காகப் பேசும் நமக்கு அதைச் சொல்ல ஒரு மாணவன் வர வேண்டியிருந்தது.

அடுத்த கல்வியாண்டில் குழுவில் ஒரு தாளை முன்வைத்தோம். முதலில் சமமானவர்கள் தமக்குள் ஆடிய ஆட்டங்களின் புள்ளி. அது தீராவிட்டால் மொத்தக் கோல் வித்தியாசம்; ஆனால் எந்த ஆட்டத்திலும் மூன்றுக்கு மேல் கணக்கில் சேராது. அமெரிக்கப் பள்ளிக் குழுமங்கள் சில இப்படி உச்சவரம்பு வைத்திருப்பதைப் படித்திருந்தோம். அதுவும் தீராவிட்டால் கூட்டு முதலிடம், சான்றிதழ் இருவர்க்கும். வெளியூர்ப் போட்டிக்கு ஒரே அணிதான் போகலாம் என்றால் மட்டும் சீட்டு, அதுவும் இரு அணியினர் முன்னிலையில். கணிதப் பேராசிரியர் தாளை வாங்கி, பழைய பட்டியலில் இந்த வரம்பைப் பொருத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தமிழும் கணிதமும் +4 என மறுபடியும் சமமாகியிருந்தன.

தாளைத் தட்டெழுதி, முதல் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே உடற்கல்வி அறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். வணிகவியல் பிள்ளைகள் நின்று இருமுறை படித்தார்கள். அவர்களுடைய பழைய தலைவன் அப்போது படிப்பை முடித்துப் போய்விட்டிருந்தான். அவ்வாண்டு லீக்கில் எந்த இரு அணிகளுக்கும் புள்ளி சமமாகவில்லை.